பத்தடி நடந்தேன், பெட்டி போச்சு

போன கோடையில ஒரு வியாழக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். அடையாறுல ஒரு பெட்டியை வாங்கி மயிலாப்பூர்ல கொண்டு போய்க் கொடுக்கணும்.

நடுவுல ஒரு பாலம், நாலு சிக்னல். ஆட்டோவுல அரை மணி நேரம். கொஞ்சம் நிதானமா இருக்கிற யார்கிட்ட கொடுத்திருந்தாலும் முடிச்சிட்டு வந்து மத்தியானம் தூங்கியிருப்பாங்க.

என்கிட்ட கொடுத்தாங்க.

பெட்டி என் அக்கா பொண்ணு வித்யாவோடது. அவ ஆராய்ச்சி படிக்கிறா. என்ன ஆராய்ச்சின்னு நாலு வருஷமா கேக்கறேன், அவளும் நாலு வருஷமா சொல்றா. எனக்குத்தான் ஏறல. முந்தின நாள் தி.நகர்ல என் கடைக்கே வந்து, பையிலேர்ந்து ஒண்ணை எடுத்து வளையல் ஸ்டாண்டு பக்கத்துல வச்சா.

"சித்தி, இதுதான் சிப்பு."

தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. அதுக்கு மேல தண்ணி மாதிரி தெளிவா ஒரு ரப்பர். தொட்டா ஜெல்லி மிட்டாய் மாதிரி அமுங்குது. உத்துப் பாத்தா உள்ள தலைமுடி கனத்துல கோடு கோடா ஓடுது.

"கோடு இல்ல சித்தி, வாய்க்கால். இதுக்குள்ள கேன்சர் செல்லை வளர்க்கறோம். ஒவ்வொரு வாய்க்கால்லயும் ஒவ்வொரு அளவு மருந்தை ஓட விடுவோம். எந்த மருந்து எந்த அளவுல அதைச் சாகடிக்குதுன்னு இதுலயே பாத்துடலாம். எடுத்த எடுப்புல நோயாளி உடம்புல ஏத்திப் பாக்க வேணாம்."

எனக்கு டக்குனு புரிஞ்சுது. "புதுப் புடவை சாயம் போகுதான்னு முந்தானை ஓரத்துல நனைச்சுப் பாப்போமே, அந்த மாதிரி!"

வித்யா ஒரு நிமிஷம் என்னையே பாத்தா. "எங்க சார்கூட இவ்ளோ சுருக்கமா சொன்னதில்ல சித்தி."

அந்த ஒரு வார்த்தையில மயங்கித்தான் "பெட்டியை நான் கொண்டு வந்து தரேன்"னு வாயை விட்டேன்.

விஷயம் இதான். அவ லேப் அடையாறுல. மருந்து ஓட ஓட செல்லைப் படம் பிடிக்கிற பெரிய மைக்ராஸ்கோப் மயிலாப்பூர்ல, ஒரு ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக் கூடத்துல. அதுல இடம் கிடைக்க ரெண்டு மாசம் காத்திருக்கா. வியாழக்கிழமை ரெண்டு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் அவளுக்கு. மூணு வாரமா வளர்த்த ஆறு சிப்பு. அந்த நாளை விட்டா அடுத்த தேதி மூணு மாசம் கழிச்சு. அவளுக்கு வர்ற உதவித்தொகையோ அந்த மாசத்தோட நின்னுடும்.

அவ ஸ்கூட்டர்ல முன்னாடியே போய் பம்ப், குழாய் எல்லாம் மாட்டி ரெடி பண்ணணும். சிப்பை ஸ்கூட்டர்ல கொண்டு போக முடியாது. குலுங்கினா வாய்க்கால்ல காத்துக் குமிழி வருமாம். ஒரு குமிழி போதுமாம், செல்லு எல்லாத்தையும் வழிச்சுக்கிட்டுப் போயிடுமாம்.

"சித்தி, ஆப்ல கார் புக் பண்ணித் தரேன். ஏசியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."

"ஆப்பா? வேணாம்."

"ஏன் சித்தி?"

"அதுல ரேட்டை அவனே போடறான். நான் யாருகிட்ட பேசறது? ஸ்கிரீன்கிட்டயா?"

இங்க என்னைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். பதினாறு வயசுல தி.நகர் பிளாட்பாரத்துல சேஃப்டி பின் வித்தவ நான். இன்னிக்கு ஷட்டர் போட்ட ஃபேன்சி ஸ்டோர் இருக்கு. நடுவுல என்னை ஏமாத்தாத ஆள் இல்ல. ஒரு தடவை மிக்ஸின்னு வாங்கிட்டு வந்த பெட்டியைப் பிரிச்சா, உள்ள பேப்பர் சுத்தின செங்கல். அன்னிலேர்ந்து எந்தப் பெட்டி கைக்கு வந்தாலும் காதுல வச்சு ஆட்டிப் பாத்துடுவேன்.

பேரத்துல எனக்குன்னு ஒரு முறை இருக்கு. விலையைக் கேளு. சிரி. பாதியைச் சொல்லு. அவன் முடியாதும்பான். "அப்போ வேணாம்"னு திரும்பி நட. பத்து அடி. திரும்பிப் பாக்கக் கூடாது. ஏழாவது அடிக்குள்ள கூப்பிட்டுடுவான். முப்பது வருஷத்துல எட்டாவது அடி வச்சது ரெண்டு தடவைதான். அதுல ஒண்ணு என் கல்யாணப் பேச்சு.

சரி, வியாழக்கிழமைக்கு வரேன்.

பன்னெண்டே முக்கால். லேப் வாசல்ல வித்யா ஹெல்மெட்டோட நிக்கிறா. கையில ஒரு தெர்மோகோல் பெட்டி. சுத்தி பிரவுன் டேப்பு.

"சித்தி, உள்ள வெதுவெதுப்பா ஜெல் பை வச்சிருக்கேன். மனுஷ உடம்புச் சூடு இருக்கணும். மடியில தட்டையா வச்சுக்கங்க. ஆட்டாதீங்க, சாய்க்காதீங்க. மூடியில எழுதியும் வச்சிருக்கேன், படிச்சுக்கங்க."

"காதாலதான் கேட்டுட்டேனே, அப்புறம் எதுக்குப் படிக்கிறது? நீ கிளம்பு."

"கோபப்படாதீங்க சித்தி. நீங்க கோபப்பட்டா கை ஆடும்."

"நான் எங்கடி கோபப்பட்டேன்!"ன்னு கத்தினேன்.

அவ ஸ்கூட்டரைக் கிளப்பிட்டுப் போயிட்டா.

அவ தெரு முனை திரும்பினதும் நான் பெட்டியைக் காதுகிட்ட கொண்டு போய் ரெண்டு ஆட்டு ஆட்டினேன்.

வேணும்னு பண்ணல. கை தானா போச்சு. முப்பது வருஷப் பழக்கம்.

உள்ள எதுவும் சத்தம் வரல. "நல்ல பேக்கிங்"னு பாராட்டிட்டு மெயின் ரோட்டுக்கு வந்தேன்.

ஒரு ஆட்டோ நின்னுச்சு. நாப்பது வயசு ஆளு, முன்சீட்டுக்கு அடியில குனிஞ்சு தண்ணி பாட்டில் தேடிக்கிட்டு இருந்தான். நான் என்ன பண்ணேன் தெரியுமா? ரொம்பப் பொறுப்பா ஒரு காரியம் பண்ணேன். பேரம் பேசும்போது என் ரெண்டு கையும் சும்மா இருக்காது. பெட்டி ஆடிடும். அதனால பெட்டியைப் பின்சீட்டுல தட்டையா, அலுங்காம வச்சேன். அப்புறம்தான் முன்னாடி போய் ஆரம்பிச்சேன்.

"மயிலாப்பூர் வருமாப்பா?"

அவன் தலையைத் தூக்கினான். ரேட்டைச் சொன்னான்.

நான் சிரிச்சேன். பாதியைச் சொன்னேன்.

"யக்கா, இன்னா நீ? நான் சாப்பாட்டுக்கு ஊரூர் குப்பத்துக்குப் போய்க்கினு கீறேன். உனக்கோசரம் அந்தாண்ட வந்தா ரிட்டன் காலியா வரணும்."

"நீ சாப்பிடப் போறதுக்கு நான் ஏன்பா காசு கொடுக்கணும்?"

"கட்டாதுக்கா."

"அப்போ வேணாம்!"

திரும்பினேன். நடந்தேன்.

ஒண்ணு, ரெண்டு, மூணு. முதுகு நேரா. தலை நிமிர்ந்து. அஞ்சாவது அடியில ஆட்டோ கிளம்புற சத்தம். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. "பாரு, பக்கத்துல வந்து 'ஏறுக்கா'ம்பான்."

ஏழு, எட்டு.

சத்தம் பக்கத்துல வரல. தூரமாப் போகுது.

ஒம்போது.

"போனாப் போறான், ஊர்ல வேற ஆட்டோவே இல்லியா"ன்னு நினைச்சேன்.

பத்து.

அப்போதான் கை ரொம்ப லேசா இருக்கறது தெரிஞ்சுது.

அம்மாடி! வாழ்க்கையில முதல் தடவையா பேரத்துல திரும்பிப் பாத்தேன். ஆட்டோ சிக்னலைத் தாண்டிடுச்சு. பின்னாடி கண்ணாடி வழியா வெள்ளையா என் தெர்மோகோல் பெட்டி தெரியுது. தட்டையா, அலுங்காம, நான் வச்ச மாதிரியே போகுது.

"டேய்! நில்லுடா! நீ சொன்ன ரேட்டே தரேண்டா!"

ஓடினேன். அம்பது வயசுல, எண்பது கிலோவுல, சிக்னலுக்கு நடுவுல. வலது கால் செருப்பு வாரு அறுந்துச்சு. அதைக் கையில எடுத்துக்கிட்டு ஓடினேன். செருப்பும் கையுமா ஒருத்தி "நில்லுடா"ன்னு கத்திக்கிட்டு ஓடினா ஊரு என்ன நினைக்கும்? ஒரு பைக்காரர் வண்டியை ஓரம் கட்டிட்டு, "என்னம்மா, செயினா?"ன்னார்.

"இல்லீங்க, கேன்சர்!"

அவர் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார்.

ஆட்டோ நம்பர் தெரியாது. ஆப்ல புக் பண்ணியிருந்தா டிரைவர் பேரு, போன் நம்பர், போட்டோ எல்லாம் வந்திருக்கும். ஸ்கிரீன்கிட்ட பேச மாட்டேன்னு சொன்ன பெரிய மனுஷி நான்தானே?

ஒண்ணே ஒண்ணு ஞாபகம் இருந்துச்சு. ஊரூர் குப்பம், பெசன்ட் நகர் கடற்கரையோரம் இருக்கிற மீனவர் குப்பம். சாப்பாடு.

அடுத்து வந்த ஆட்டோவுல பாய்ஞ்சு ஏறினேன். "குப்பத்துக்கு விடுப்பா!"

டிரைவர் ரேட்டைச் சொன்னார்.

"சரி, போ."

அவர் திரும்பி என்னை மேலயும் கீழயும் பாத்தார். ஒத்தக் கால்ல செருப்பு, ஒரு செருப்பு கையில. "யக்கா, நான் சொன்ன ரேட்டு காதுல வுயுந்துச்சா?"

"விழுந்துச்சு, போய்யா!"

"இல்ல, யாருமே உடனே சரின்னு சொல்றதில்ல. அதான் டவுட்டாகீது."

அவருக்கு இருந்த சந்தேகத்துல பாதி தூரம் கண்ணாடியிலயே என்னைப் பாத்துக்கிட்டு வந்தார்.

பெசன்ட் நகர் திரும்பறப்போ போன் அடிச்சுது. வித்யா!

"சித்தி, எங்க இருக்கீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்மா." இது பொய் இல்ல. எங்க வந்துக்கிட்டு இருக்கேன்னு அவ கேக்கல.

"பெட்டி மடியில இருக்கா?"

என் மடியைப் பாத்தேன். செருப்பு இருந்துச்சு. "இருக்கு."

"தட்டையா இருக்கா?"

"தட்டையாத்தான் இருக்கு."

"பதட்டமா பேசறீங்களே?"

"நான் பேசறதே இப்படித்தானேடி!"

வண்டி கடற்கரைப் பக்கம் வந்திடுச்சு. அவளுக்குக் காது கூர்மை. "என்ன சித்தி, அலை மாதிரி சத்தம் கேக்குது?"

"ஃபேன்மா."

"ஆட்டோவுல ஃபேனா?"

"இப்பல்லாம் வச்சிருக்காங்க. வெயில் பாரு"ன்னு கட் பண்ணிட்டேன்.

போனை வச்சதும் என் நிலைமை எனக்கே உறைச்சுது. வழியில ஒரு கோயில் வந்துச்சு. கையெடுத்துக் கும்பிட்டேன். "சாமி, அந்தக் கேன்சருக்கு ஒரு கெடுதலும் வரக் கூடாது. ரெண்டு மணி வரைக்கும் அது நல்லா இருக்கணும். அப்புறம் எங்க பொண்ணு மருந்து கொடுத்து சாகடிச்சுக்குவா."

முன்னாடி உக்காந்திருந்தவர் வேகத்தைக் கூட்டினார். என்னைச் சீக்கிரம் இறக்கி விட்டாப் போதும்னு நினைச்சிருப்பார்.

குப்பத்துல இறங்கினேன். மணி ஒண்ணு இருபது. என்னைக் கலங்கடிச்ச காட்சி என்ன தெரியுமா?

ரோட்டோரம் வரிசையா மீன் கடை. ஒவ்வொரு கடைக்குப் பின்னாடியும் அடுக்கி வச்சிருக்கிறது, வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. சுத்தி பிரவுன் டேப்பு. ஒண்ணு ரெண்டு இல்ல, முப்பது நாப்பது இருக்கும். எல்லாத்துக்குள்ளயும் ஐஸு!

என் பெட்டி இதுல ஒண்ணாக் கலந்திருந்தா? ஐஸைக் கொட்டி மேல மீனைப் போட்டிருந்தா? மூணு வாரம் உடம்புச் சூட்டுல வளர்ந்த செல்லு இன்னேரம் வெறச்சுப் போயிருக்குமே!

யோசிக்கல. யோசிக்கிற ஆளா இருந்தா இங்க எதுக்கு வந்திருக்கேன்? முதல் பெட்டியைத் தொறந்தேன். சங்கரா. ரெண்டாவது. நெத்திலி. மூணாவதுல கையை விட்டேன், நண்டு. ஒண்ணுக்கு உயிரு இருந்துச்சு.

"ஐயோ!"

"யாரும்மே அது, பொட்டியெல்லாம் தொறக்கறது?"

நிமிர்ந்தேன். எதிர்ல ஒரு பொம்பளை. என் வயசுதான் இருக்கும், என்னை மாதிரி ரெண்டு பேரைச் சமாளிக்கிற குரல். கையில மீன் வெட்டற கத்தி.

"என் பெட்டி இங்க வந்திருக்கு!"

"இன்னா பொட்டி? எரா வோணுமா, வஞ்சரம் வோணுமா? வாய்ல சொல்லு. கைய வுடாத."

"எனக்கு மீன் வேணாம்! எனக்குக் கேன்சர் வேணும்!"

அந்த வரிசையில இருந்த அத்தனை பேரும் திரும்பினாங்க. வஞ்சரத்துக்கு விலை பேசிக்கிட்டு இருந்த ஒரு ஆளு பையை மடிச்சு வச்சுக்கிட்டு நாலடி தள்ளி நின்னார்.

அந்தப் பொம்பளை மட்டும் அசையல. கத்தியைக் கீழ வச்சா. என்னைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பாத்தா. ஒத்தச் செருப்புல வந்து கண்ணு நின்னுச்சு.

"நீதான் சித்தியா?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. "என்னது?"

"சித்தியான்னேன்."

"ஆமா... உனக்கு எப்படி?"

"வா இந்தாண்ட."

கடைக்குப் பின்னாடி கூட்டிக்கிட்டுப் போனா. பழைய பாய்மரத் துணி கட்டின நிழல். அதுக்கு அடியில ஒரு ஸ்டூலு. ஸ்டூலு மேல, நாலா மடிச்ச துண்டைப் போத்திக்கிட்டு, என் பெட்டி. தட்டையா. சுத்தி யாரும் நெருங்காம இருக்க நாலு செங்கல் வேற.

துண்டை விலக்கினா. மூடி மேல கறுப்பு மையில, கொட்டை எழுத்துல வித்யா எழுதியிருந்ததை அப்போதான் நான் முதல் தடவையா படிச்சேன்.

"உள்ளே உயிர் இருக்கிறது. ஆட்டாதீர்கள். சாய்க்காதீர்கள். ஐஸ் வைக்காதீர்கள். வெயிலில் வைக்காதீர்கள்."

அதுக்குக் கீழ, சின்ன எழுத்துல: "சித்தி, இது உங்களுக்குத்தான்."

"என் வூட்டுக்காரரு வந்து எறக்கி வச்சாரு. 'இந்தா, உன் பொட்டி ஒண்ணு வண்டிலயே கீது'ன்னாரு. காலைல மீன் ஏலத்துலேர்ந்து அவரு வண்டிலதான் என் பொட்டி வரும், அதுல ஒண்ணுன்னு நெனச்சிக்கினாரு. ஐஸ் போடலாம்னு எடுத்தேன். எழுதிகீது. படிச்சேன். எட்டாவது வரிக்கும் படிச்சிகீறேன் நான்" அப்படின்னா. அப்புறம் என்னைப் பாத்து, "நீ எத்தினியாவது?"

நான் பத்தாவது. ஆனா அதை அந்த இடத்துல சொல்றதுல பெருமை இல்லைன்னு விட்டுட்டேன்.

"ஒரு போன் நம்பர் எய்தக் கூடாதா அந்தப் பொண்ணு? இன்னா செய்றது சொல்லு. 'சோறு அப்பால துன்னுக்கலாம், உங்கிட்ட பேரம் பேசின அந்த அம்மாவ போய் தேடி இட்டா'ன்னு அவர அடையாறுக்குத் தொரத்திட்டேன். இன்னேரம் உன்னத் தேடிக்கினு இருப்பாரு."

அவ பேரு தேசம்மா. அவ புருஷன் பாபு நான் நின்ன சிக்னல்லயே என்னைத் தேடிக்கிட்டு இருக்கான். நான் அவன் பொண்டாட்டி கடையில நிக்கிறேன். தேசம்மா போன் போட்டு ஸ்பீக்கர்ல விட்டா.

"யோவ், வந்துடுச்சுய்யா அந்தம்மா, இங்க கீது."

"அங்கயா? இங்க நான் வர்ற போற பொம்பளைங்க எல்லாத்தையும் 'யக்கா, பொட்டி வுட்டியா'ன்னு கேட்டு நாலு பேரு முறைச்சிட்டாங்க! அந்த அம்மா எப்டிகீது, கோவமாகீதா?"

தேசம்மா என்னைப் பாத்தா. "இப்ப இல்ல. வா."

பாபு வர பத்து நிமிஷம் ஆச்சு. மணி ஒண்ணு நாப்பது. நான் பெட்டியை எடுக்கக் கையை நீட்டினேன். தேசம்மா என் கையைத் தட்டி விட்டா.

"நீ எடுக்காத."

"என் பெட்டிம்மா அது!"

"பாரு, கத்தற. கை நடுங்குது. உன் மடில வச்சா கடல்ல போற போட்டு மாதிரி ஆடும். நான் வரேன். என் மடில வச்சிக்கிறேன். தலைல மீன் கூடைய வச்சிக்கினு ஒரு சொட்டுத் தண்ணி சிந்தாம மைலாப்பூரு வரிக்கும் நடந்தவ நான்."

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! முப்பது வருஷம் கடை நடத்தறவளைப் பாத்து! வாயைத் தொறந்தேன். பெட்டியைப் பாத்தேன். மூடினேன்.

கடையைப் பக்கத்துல இருந்தவங்ககிட்ட ஒப்படைச்சிட்டு அவ ஏறினா. மடியில துண்டு, துண்டு மேல பெட்டி. நான் ஓரத்துல ஒடுங்கி உக்காந்தேன், செருப்பை மடியில வச்சுக்கிட்டு.

"மெதுவா வுடுய்யா. உள்ள உயிரு கீது."

பாபு புள்ளத்தாச்சியை ஏத்திக்கிட்டுப் போற மாதிரி ஓட்டினான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னாடி நிறுத்தி, "ஏறலாமா?"ன்னு கேப்பான். தேசம்மா ரெண்டு கையாலயும் பெட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு "ம்"பா. வண்டி குதிக்கும், நான் குதிப்பேன், பெட்டி மட்டும் குதிக்காது.

பாலத்து மேல ஒரு பைக் குறுக்க வந்துச்சு. நான் தலையை வெளிய நீட்டி, "ஏண்டா, ரோடு உங்க அப்பன் வீட்டு..."

"வாய மூடு. பொட்டி ஆடுது."

மூடினேன். பாபு கண்ணாடியில என்னைப் பரிதாபமாப் பாத்தான். இந்த மனுஷனுக்கு எல்லாம் புரியும்.

கொஞ்ச தூரம் போனதும் தேசம்மா கேட்டா. "இன்னாதான் கீது உள்ள?"

புடவை, முந்தானை, சாயம்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். அவ பெட்டி மேல ஒரு கையை வச்சா. அப்புறம், "எங்க நாத்தனாருக்கு மூணு மருந்து மாத்தி மாத்திக் கொடுத்தாங்க. மொத ரெண்டும் கேக்கல. முடியெல்லாம் போய், எலும்பா ஆனப்புறம்தான் மூணாவது புடிச்சுது. இப்ப நல்லா கீறா" அப்படின்னா. பெட்டியைக் குனிஞ்சு பாத்தா. "இது அப்ப இருந்திருந்தா அந்த ரெண்டையும் இதுக்கே குடுத்துப் பாத்துருக்கலாம் இல்ல?"

"அதான்."

"யோவ், இன்னும் மெதுவா போ."

ரெண்டு பத்துக்கு மயிலாப்பூர் சேர்ந்தோம். வாசல்ல வித்யா குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துக்கிட்டு இருந்தா. ஆட்டோவுலேர்ந்து முதல்ல ஒரு செருப்பு இறங்குச்சு. அப்புறம் நான். அப்புறம் மீன் வாசனையோட தேசம்மா, மடியிலேர்ந்து கைக்கு மாத்தின பெட்டியோட.

"சித்தி... யாரு இவங்க?"

"அப்புறம் சொல்றேன்மா."

"ஏன் உங்க கையில மீன் செதில் இருக்கு?"

"அதையும் அப்புறம் சொல்றேன்."

பாபுகிட்ட எவ்வளவுன்னு கேட்டேன். மொதல்ல சொன்ன அதே ரேட்டைச் சொன்னான். பழக்க தோஷம், எனக்கு சிரிப்பு வந்துச்சு, பாதியைச் சொல்ல வாய் தொறந்துச்சு. தேசம்மா ஒரு பார்வை பாத்தா. முழுசாக் கொடுத்து, மேலயும் கொடுத்தேன். பாபு மேல கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துட்டான். அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

உள்ள வித்யா பெட்டியைத் தொறந்து, சூடு காட்டற பட்டையைப் பாத்தா. "முப்பத்தஞ்சு டிகிரி! பரவாயில்லையே!" ஒவ்வொரு சிப்பா மைக்ராஸ்கோப்புல வச்சா. திரையில தெரிஞ்சுது. வாய்க்கால் நெடுக உருண்டை உருண்டையா, கூட்டம் கூட்டமா.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ன தேசம்மா, "மீன் முட்ட மாதிரியே கீதே!"ன்னா.

"ஆமாக்கா, அப்படித்தான் இருக்கணும். உயிரோட இருக்கு"ன்னு சொல்லும்போது வித்யா கண்ணைத் துடைச்சுக்கிட்டா. எனக்கும் கண்ணுல தண்ணி. கேன்சர் நல்லா இருக்குன்னு கேட்டு ஆனந்தக் கண்ணீர் விட்ட ஒரே குடும்பம் எங்களுதாத்தான் இருக்கும்.

ஒண்ணு நல்லா இருந்துச்சு. ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.

ஆறாவதை வச்சா. வித்யா முகம் மாறிடுச்சு. வாய்க்கால் நடுவுல பெருசா ஒரு குமிழி. செல்லு ஒண்ணு கூட இல்ல.

"யாரோ பெட்டியை வேகமா ஆட்டியிருக்காங்க"ன்னா வித்யா.

தேசம்மா நெஞ்சுல கை வச்சா. "சத்தியமா நான் இல்ல கண்ணு."

"என் வண்டியில ஆடல பாப்பா, சட்டுனு பிரேக்கு கூடப் போடல"ன்னு வாசல்லேர்ந்து பாபு.

ரெண்டு பேரும் பேசி முடிச்சாங்க. யாரும் என்னைக் கேக்கல. மூணு பேரும் சும்மா பாத்தாங்க, அவ்வளவுதான்.

"காதுல வச்சு... ரெண்டே ரெண்டு ஆட்டுதான்..."

ஒரு மீன் பெட்டி அடுக்கு, ஒரு ஆட்டோ, ஒரு பாலம், அடையாறு மயிலாப்பூர் வேகத்தடை அத்தனையும் சேர்ந்து ஒரு சிப்பையும் ஒண்ணும் பண்ணல. லேப் வாசல்ல, பத்து விநாடியில, சித்தி ஒருத்தி காலி பண்ணியிருக்கேன்.

நல்லவேளை, மிச்ச அஞ்சு போதுமானதா இருந்துச்சு. ஆறு மணிக்குள்ள எல்லாப் படமும் எடுத்துட்டா. அன்னிக்கு ஓட்டிப் பாத்த மூணு மருந்துல ஒண்ணு நல்லா வேலை செஞ்சுதாம். நான் கும்பிட்ட கேன்சர் அப்படியாகப் போய்ச் சேர்ந்துச்சு.

இப்போ ஆய்வேடு புத்தகமா பைண்டு ஆகி வந்திருக்கு. போன ஞாயித்துக்கிழமை வித்யா வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னாடி பக்கத்துல நன்றின்னு ஒரு பட்டியல். அவ சார் பேரு, அம்மா அப்பா பேரு. அதுக்கப்புறம், "உயிரை மடியில் சுமந்து வந்த தேசம்மா அக்காவுக்கும், மெதுவாக ஓட்டிய பாபு அண்ணாவுக்கும்."

நான் ரெண்டு தடவை புரட்டினேன். பின்னட்டை வரைக்கும் பாத்தேன்.

"ஏண்டி, என் பேரு?"

"நீங்க ஒரு சிப்பைக் கொன்னீங்க சித்தி."

"அஞ்சு வந்துச்சுல்ல? அதுல அரை வரியாவது போடு."

"முடியாது சித்தி."

"அடிக்குறிப்பு?"

"ம்ஹூம்."

"முதல் எழுத்து மட்டும்?"

"சித்தி, இங்க ஃபிக்சட் ரேட்."

"அப்போ வேணாம்!"னு எழுந்தேன். முதுகு நேரா, தலை நிமிர்ந்து வாசலைப் பாத்து நடந்தேன். திரும்பிப் பாக்கல. அஞ்சு, ஆறு, ஏழு.

பத்து வரைக்கும் யாரும் கூப்பிடல. பதினோராவது அடியில, கைப்பையை சோபாவுலயே வச்சிட்டு வந்தது ஞாபகம் வந்துச்சு.